துப்பாக்கிப் பெட்டிக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

1

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. லைசென்ஸ் என் பெயரில். இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். என் தம்பி மட்டும் போனில், "நம்ம தெருவுலேர்ந்து போனவ கையிலயா துப்பாக்கி? பண்ணை வீட்லயே இப்ப கெடையாதேக்கா!" என்றான். சந்தோஷத்தில் சொன்னானா பயத்தில் சொன்னானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு வந்து இந்த ஆயுத பூஜையோடு பதினெட்டு வருடம் ஆகிறது. சிட்னியிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் உள்ளே வந்தால் எங்கள் ஊர். நான் பிறந்த குடவாசல் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை நெல் என்றால் இங்கே கண்ணுக்கு எட்டாத வரை கோதுமை. நான் இங்குள்ள ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் செல்வராசு பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். ஒரே மகள் வெண்ணிலா, வயது பதினேழு. பள்ளிக்கூடத்தில் அவளை 'வென்' என்று கூப்பிடுகிறார்கள். நிலாவை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

வெண்ணிலாவின் தமிழ் 'சாப்டாச்சு', 'வேணாம்', 'லேட்டாகுது' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பப் பார்த்தோம். அவள் தோழியின் பண்ணைக்குப் போய்த் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டு வந்தாள். பதறாதீர்கள், குருவியைக்கூடச் சுடுவதில்லை. ஒரு யந்திரம் களிமண் தட்டை வானத்தில் வீசும். அது கீழே விழுவதற்குள் சுட்டு உடைக்க வேண்டும். இங்கே இது பெரிய போட்டி. பெண்ணுக்கு அதில் கை நன்றாக வந்துவிட்டது.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் சுடலாம், ஆனால் துப்பாக்கி பெரியவர் பெயரில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். "எனக்கு எலியக் கண்டாலே ஆகாது, என்னைய விட்ரு" என்று கணவர் ஒதுங்கிக்கொண்டார். நான் போனேன். தொப்பி வைத்த விவசாயிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடம் கேட்டேன், பரீட்சை எழுதினேன், முழு மதிப்பெண் வாங்கினேன். பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? சுவரோடு சேர்த்து போல்ட் போட்ட இரும்புப் பெட்டி வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள். வைத்தோம். அதைச் சரிபார்க்க ஒரு போலீஸ்காரர் வந்தார். வாசலில் எங்கள் செருப்புகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே தன் பூட்ஸைக் கழற்றினார். குடவாசல் பக்கம் எங்கள் தெருவுக்குள் வந்த எந்தப் போலீஸ்காரரும் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. அவர் இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார், தேநீர் குடித்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் சமையலறையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

2

செல்வராசுவுக்கு சாமி நம்பிக்கை அரைகுறைதான். ஆயுத பூஜை மட்டும் தவறாது. ஆண்டுதோறும் பள்ளிக்கூட பஸ்ஸுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார். முதல் வருடம் தலைமை ஆசிரியர் வெளியே வந்து, "டயரில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். இப்போது அவரே தன் வீட்டு மரத்திலிருந்து பழம் பறித்துத் தருகிறார்.

இந்த வருடம் பூஜைக்கு மறுநாள் வெண்ணிலாவுக்கும் எனக்கும் அடிலெய்டுக்கு விமானம். இளையோர் அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. அன்று மாலைக்குள் போய்ப் பெயர் பதிய வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும், இளையோர் கணக்கில் வரமாட்டாள். மூன்று வருடமாகப் பனியில் எழுந்து பழகியதெல்லாம் இந்த ஒரு போட்டிக்காகத்தான்.

"வெண்ணிலா துப்பாக்கிக்கும் ஒரு பொட்டு வச்சிருவோம்" என்றார் செல்வராசு. இரும்புப் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துப் பாயில் வைத்தேன். மறுநாள் கட்டுவதற்காகத் தோட்டா டப்பாவையும் எடுத்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து அடுப்பில் கொண்டைக்கடலை அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. துப்பாக்கி வெளியே இருக்கும்போது லைசென்ஸ்காரி அதை விட்டு நகரக்கூடாது. சுண்டல் தீய்ந்தால் என்ன செய்வது என்று அவர்கள் பாடத்தில் இல்லை. ஓடினேன். சுண்டலைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது பூஜை முடிந்து, துப்பாக்கி அதன் பயணப் பெட்டிக்குள் போய், இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டாகிவிட்டது. செல்வராசு சாவியை என் கையில் கொடுத்தார். நானும் கெட்டிக்காரி மாதிரி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

3

விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோவது நீங்கள் நினைப்பது போல ரகசியக் காரியம் இல்லை. அதற்கு நேர் எதிர். பூட்டிய கெட்டிப் பெட்டியில் துப்பாக்கி. தோட்டா வேறு டப்பாவில், வேறு பையில். கவுன்டருக்குப் போனதும் முதல் வேலையாக வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். மெதுவாகச் சொன்னால் அவர்களுக்குச் சந்தேகம், சத்தமாகச் சொன்னால் பின்னால் நிற்பவர்களுக்குப் பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களிடம் பேசும் குரல். அது எனக்குப் பழக்கம்.

அன்றைக்கு வழியில் சாலை வேலை. கவுன்டருக்கு வந்து சேர்ந்தபோது சாமான் வாங்குவதை நிறுத்தப் பத்து நிமிடம்தான் இருந்தது. நரைத்த மீசை வைத்த ஓர் ஊழியர் லைசென்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். துப்பாக்கியில் தோட்டா இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். தோட்டா தனியாகத்தானே என்றார். தனியாக என்றேன். திறக்க வேண்டாம், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்.

போட்டிருக்கலாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது. 'இந்தப் பெட்டியில் உள்ளவற்றை நானே நேரில் பார்த்துச் சரிபார்த்தேன்' என்பது அதன் பொருள். பேனா அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. சுண்டலைப் பார்த்தேன்.

"அம்மா, ப்ளீஸ். லேட்டாகுது" என்றாள் வெண்ணிலா.

4

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் காத்தமுத்து. பண்ணையில் வேலை. எங்கள் ஊர்ப் பண்ணையாரிடம் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. பண்ணையார் தூக்குவாரா? இரண்டு மரப்பெட்டிகளையும் அப்பா தலையில் சுமந்து ஆறு மைல் நடப்பார். பண்ணைக் காரியக்காரர் லைசென்ஸ் புத்தகத்தோடு சைக்கிளில் முன்னால் போவார். அந்தக் காலத்தில் தேர்தலுக்குப் பஞ்சமில்லை. பெட்டியைத் தொட்டுத் தூக்கலாம், திறக்கக்கூடாது.

நான் சொல்லும் வருடம் கூலிப் பிரச்சினை முற்றியிருந்தது. அறுவடைக்கு எங்கள் ஆட்கள் கூடுதலாக ஒரு மரக்கால் நெல் கேட்டார்கள். பண்ணையார் கீழ்வேளூர் பக்கத்திலிருந்து வெளியாட்களை இறக்கப்போவதாகப் பேச்சு. 'வரப்புல காலை வச்சா பாத்துக்கலாம்' என்று எங்கள் தெருவும், 'பாத்துக்கலாம்' என்று பண்ணை வீடும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். கதிர் சாய்ந்துவிட்டது, நான்கைந்து நாளில் அறுத்தாக வேண்டும். அதற்குள் தேர்தல் அறிவிப்பு வந்தது.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் தெருவில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் பெண் நான். "கூட வாம்மா. என்னமோ எழுதுறானுவ, ரேகை வக்கச் சொல்றானுவ. நீ படிச்சுச் சொல்லு" என்று அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார்.

பாதி வழியிலேயே அவர் நடை மாறியதைப் பார்த்தேன். நின்றார். தலையிலிருந்த பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், மறுபடி சுமந்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் பெட்டியைத் திறக்காமலே ரசீது எழுதி முடித்துவிட்டு, "கொண்டாந்தவன் கைநாட்டு வைடா" என்றார். காரியக்காரருக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். அன்றைக்குப் பார்த்து அவருக்கு விரலில் சுளுக்கு.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

படித்தேன். 'துப்பாக்கி இரண்டு, சரியாக இருக்கக் கண்டு ஒப்படைத்தேன்.'

அப்பா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "தொறந்து பாத்துட்டு வக்கிறேங்கய்யா."

"ஏன், இத்தினி வருசமா தொறந்து பாத்தா வச்ச?" என்றார் காரியக்காரர்.

"இத்தினி வருசமா துப்பாக்கியோட பின்கட்டை இருக்குற பக்கம் பெட்டி சாயும். இன்னைக்கி ஒரு பெட்டி சாயல. தராசு மாதிரி நிக்கிது. நான் பாக்காததுக்கு ரேகை வக்க மாட்டேங்க."

உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். புது ஆள், எங்கள் பக்கத்துக்காரர் இல்லை. "யார் துப்பாக்கிடா இது?" என்றார்.

"பண்ணையோடதுங்க. தலைதாங்க என்னுது" என்றார் அப்பா.

பெட்டியைத் திறந்தார்கள். முதல் பெட்டியில் துப்பாக்கி இருந்தது. இரண்டாவதில் கோணிச்சாக்குச் சுற்றிய உலக்கைத் துண்டு இருந்தது. அழகாக அளந்து அறுத்திருந்தார்கள், ஆசாரி வேலை.

அப்பா ரேகை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அந்த இரண்டாவது துப்பாக்கி, காகிதத்தில் ஸ்டேஷனில் இருக்கும். நிஜத்தில் பண்ணை வீட்டில் இருக்கும். அறுவடையன்று அது வெடித்தால், வெடிக்கவே இல்லை என்பதற்கு என் அப்பாவின் கட்டைவிரல் சாட்சி. எங்கள் ஆள் ஒருவர் வரப்பில் கிடப்பார், எங்கள் ஆள் ஒருவரின் ரேகையே அதை இல்லை என்று சொல்லும். என்ன ஒரு மூளை பாருங்கள்! இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று சாயங்காலமே ஜீப் போய் இரண்டாவது துப்பாக்கியை எடுத்து வந்தது. மறுநாளே அப்பாவுக்குப் பண்ணையில் வேலை இல்லை என்றார்கள். முன்காலமாக இருந்திருந்தால் குடிசையையும் பிடுங்கி எறிந்திருப்பார்கள். அதற்குச் சில வருடம் முன்புதான் அரசாங்கம் குடியிருக்கும் மனைக்குப் பட்டா கொடுத்திருந்தது. அம்மா அந்தப் பட்டாவை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அதனால் வேலை போனது, வீடு நின்றது. அறுவடையன்று கம்பும் கல்லும் பறந்தன. பத்துப் பேருக்கு மண்டை உடைந்தது, அதில் அப்பாவும் ஒருவர். அந்த வருடம் எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை.

அப்பா அதைப் பற்றிப் பிறகு பேசியதே இல்லை. நான் தஞ்சாவூரில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் ரேகை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அவர் அசையவில்லை.

5

"இதைத் திறந்து பார்க்க வேண்டும்" என்றேன் கவுன்டரில்.

தேவையில்லை என்றார் மீசைக்காரர். எனக்குத் தேவை என்றேன். கடிகாரத்தைக் காட்டினார். வெண்ணிலா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, ஏன் இப்டி பண்ற? எல்லாம் போய்டும்!" அவள் கண்ணில் தண்ணீர். விமானம் போனால் அவளுடைய மூன்று வருடம் போகும், அதற்குக் காரணம் நானாக இருப்பேன். அவள் என்னை மன்னிக்கப் பல வருடம் பிடிக்கும். ஆனாலும் பேனா அசைய மறுத்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன்.

அவர் எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். பெட்டியைத் திறந்தேன்.

துப்பாக்கியின் கட்டை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். குழலின் நுனியில் ஒரு பெரிய பொட்டு. பஞ்சு மெத்தையின் ஒரு மூலையில் நெற்றி சிவந்த எலுமிச்சம்பழம் ஒன்று. அதற்குப் பக்கத்தில், அதேபோலப் பொட்டு வைத்து, ஒரு தோட்டா.

மீசைக்காரர் இரண்டடி பின்னால் போனார். "இது ரத்தமா?"

"குங்குமம்" என்றேன். பதினெட்டு வருட ஆங்கிலம் அந்த நேரத்தில் என்னைக் கைவிட்டது. "ஆயுதங்களுக்கான பண்டிகை" என்றேன். ஒரு விமான நிலையத்தில் சொல்லத்தக்க வாக்கியம் இல்லை அது.

பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண், கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். தோட்டாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துப்பாக்கி யாருடையது என்று கேட்டார்.

எனக்கு ஸ்டேஷன் வாசலில் நின்ற அப்பா ஞாபகம் வந்தார். அவருடைய தலை ஞாபகம் வந்தது.

"என்னுடையது" என்றேன். "இந்தத் தோட்டா இங்கே இருந்ததும் என் தவறு. பூட்டும்போது நான் பார்க்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது. அதனால்தான் திறக்கச் சொன்னேன்."

அந்த அம்மாள் தோட்டாவை என் முன்னால் வைத்தார். இதை நீங்கள் திறக்காமல் உள்ளே சோதனை யந்திரம் காட்டியிருந்தால், பயணமும் இல்லை, லைசென்ஸும் இல்லை, உங்கள் மகள் போட்டியை மறந்துவிடலாம் என்றார். தோட்டாவை அதன் டப்பாவில் போடச் சொன்னார். துப்பாக்கியை இன்னொரு முறை சோதித்தார். மீசைக்காரர் போனில் யாரிடமோ பேசி எங்களுக்காக இன்னும் ஐந்து நிமிடம் வாங்கினார். எல்லாம் சரி, கிளம்பலாம் என்று நினைத்தபோது அந்த அம்மாள் விரலை நீட்டினார்.

"துப்பாக்கி போகலாம். எலுமிச்சம்பழம் போக முடியாது."

அடிலெய்டு இருக்கும் மாநிலத்துக்குள் பழம் கொண்டுபோகக் கூடாதாம். பழ ஈ பரவுமாம். கண்டால் அபராதம். பஞ்சாமிர்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவள் போல நான் அந்தப் பழத்தோடு நின்றேன். பூஜைப் பழத்தைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. தரையில் வைத்து மிதித்து நசுக்கினேன், திருஷ்டி கழித்தது போலவும் ஆயிற்று. பிறகு கைக்குட்டையால் தரையைத் துடைத்துக் கூடையில் போட்டேன். இரண்டு அதிகாரிகளும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பண்டிகை வரும் என்று பயந்திருப்பார்கள்.

கையெழுத்துப் போட்டேன். ஓடினோம்.

விமானம் ஏறும் முன் செல்வராசுவுக்குப் போன் போட்டு, பதினெட்டு வருடத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேனாவுக்குப் பூஜ போட்டா மை இல்லாமயா போடுவாங்க? மறந்து உள்ள வச்சுட்டேன் தாயே" என்றார். பிறகு மெதுவாக, "பழத்த எங்க வச்ச?" என்றார்.

6

விமானத்தில் வெண்ணிலா ஜன்னலை மூடினாள். பிறகு ஆங்கிலத்தில் கேட்டாள்: நீ ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தாய்? நான் தமிழில் ஆரம்பித்தேன். அவளுக்குப் புரியாத இடங்களில் ஆங்கிலத்துக்குப் போனேன். உலக்கைக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை, கையால் இடித்துக் காட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். கேட்டு முடித்துவிட்டு அவள், "தாத்தா பேர் என்ன?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பதினேழு வருடம் சோறு போட்டேன், ஊசி போட்டேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன். என் அப்பாவின் பெயரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. குற்றம் அவளுடையது இல்லை. "காத்தமுத்து" என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சரியாக வந்தது.

போட்டியில் அணிக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் அவளுடையது. கடைசிப் பெயரும் பெயர்தான். கட்டையில் படிந்த சந்தனம் முழுசாகப் போகவில்லை. மற்ற பெண்கள் அது ஏதோ விசேஷ மெருகு என்று நினைத்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்களாம்.

திரும்பும்போது அடிலெய்டு விமான நிலையம். இந்த முறை பெட்டியை நானே அடுக்கினேன், நானே பூட்டினேன், நேரமும் தாராளமாக இருந்தது. கவுன்டரில் இருந்த இளம்பெண் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, திறக்க வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள் என்று தாளை நீட்டினாள். ஒரே நிறுவனம், ஒரே தாள், அதே வரி. பேனாவை எடுத்தேன்.

வெண்ணிலாவின் கை வந்து தாளின் மேல் படிந்தது.

"தொறம்மா" என்றாள். "தொறந்து பாத்துட்டுப் போடு."

அவள் அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். எங்கள் தெருவுக்கு ஆறு மைல் தள்ளி ஒரு ஸ்டேஷனில் என் அப்பா சொன்ன அதே சொற்கள், என் வாய்வழியாகக் கேட்டு, அவள் நாக்கில் கொஞ்சம் கோணலாக. நான் எந்த வகுப்புக்கும் அனுப்பிச் சொல்லிக்கொடுத்த தமிழ் இல்லை.

"நான்தானடி பூட்டுனேன்?"

"நான் பாக்கலயே" என்றாள்.

கவுன்டர் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் யாரோ முனகினார்கள். நான் அசையவில்லை. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். துப்பாக்கி மட்டும்தான் இருந்தது. மூன்று பேரும் பார்த்தோம். பிறகு கையெழுத்துப் போட்டேன்.